மருமகள் பெயரைச் சீனத்தில் அடித்த விவரம்

சீனக்குடா,
திருகோணமலை.
ஆடி 19.

அன்பின் மைத்துனர் குலவீரசிங்கம் அவர்கட்கு,

கோணேசப் பெருமானின் கிருபையால் நானும் உங்கள் அக்கா புஸ்பராணியும் இங்கே மூச்சு விட்டுக்கொண்டு இருக்கிறோம். அங்கே வெருகலில் நீங்களும் மனைவியும் வயலும் ஆற்றுத் தண்ணீரும் குறைவில்லாமல் இருக்கச் சித்திரவேலாயுதரை வேண்டுகிறேன். மரியாதை இத்துடன் முடிந்தது. இனி விடயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் என் மகன் ரஜீவனைப் பெண்சாதி பிள்ளை இல்லாதவனாகப் பேப்பரில் போட்டீர்கள். அதுதான் நீங்கள் செய்த பிழை. சென்ற ஆவணியில் அவன் இறந்த மறுநாள், தாய்மாமன், ஓய்வுபெற்ற அதிபர், கையெழுத்து அழகானவர் என்ற மூன்று தகுதியையும் பார்த்து மரண அறிவித்தல் எழுதுகிற பொறுப்பை உங்களிடம் தந்தோம். நீங்கள் என்ன போட்டீர்கள்? "திருகோணமலையைப் பிறப்பிடமாகவும் சீனாவை வதிவிடமாகவும் கொண்ட அருளம்பலம் ரஜீவன் அவர்கள் காலமானார். அன்னார் அருளம்பலம் புஸ்பராணி தம்பதிகளின் அன்பு மகனும், ஜெயரூபியின் பாசமிகு சகோதரனும் ஆவார்." அவ்வளவுதான். ஆறு வருடம் அவனோடு குடும்பம் நடத்தின யுன்லான் எங்கே? ஐந்து வயதுப் பேத்தி நிவேதிகா எங்கே? சீனாவை வதிவிடமாகப் போட்டீர்கள், அந்த வதிவிடத்தில் அவனுக்குச் சோறு போட்டது ஆர் என்று போடவில்லை. பிறகு முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வந்த சனத்துக்கெல்லாம் கொடுத்த கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகத்திலும் அதே எழுத்தை அப்படியே எடுத்து அச்சடித்தார்கள். நானூறு பிரதி. இப்போது நானூறு வீட்டு அலுமாரிக்குள் என் மகன் கலியாணம் கட்டாதவனாகக் கிடக்கிறான்.

நான் எட்டாம் வகுப்புக்கு மேலே படிக்காதவன், அது உங்களுக்குத் தெரியும், கலியாண வீட்டிலேயே உங்கள் ஐயா அதை இரண்டு தரம் சொன்னவர். ஆனால் இங்கிலீசைக் கப்பல் பத்திரங்களைப் பார்த்து நானாகப் படித்தேன், தட்டச்சை நானாகப் படித்தேன், துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் சாமான் எண்ணுகிற கிளாக்கராக இருந்தேன். ரஷ்யக் கப்பலோ சீனக் கப்பலோ, மூட்டையில் உள்ள குறி என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை. பத்திரத்தில் உள்ள குறியும் மூட்டையில் உள்ள குறியும் கோட்டுக்குக் கோடு ஒன்றா என்று பார்த்தால் போதும். பச்சை மையால் சரி போடுவேன். எதையாவது வெட்ட வேண்டி வந்தால் அடிமட்டம் வைத்து ஒரே கோடு, பக்கத்தில் என் சுருக்கொப்பம், திகதி, நேரம். வெட்டின எழுத்து வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும், வெட்டினவன் ஆர் என்றும் தெரிய வேண்டும், அதுதான் எங்கள் வேலையின் நேர்மை. நீங்கள் ஒரு பெண்ணையும் ஒரு பிள்ளையையும் வெட்டினீர்கள். உங்கள் ஒப்பம் எங்கே? என்னைக் கேட்டுத்தான் செய்தேன் என்று சொல்லவும் உங்களுக்கு வழி இல்லை, ஏனென்றால் அந்த மூன்று நாளும் நான் நடமாடினேனே தவிர எனக்கு ஒரு ஞாபகமும் இல்லை, ஆர் வந்தது ஆர் போனது என்றுகூடத் தெரியாது.

தைப்பொங்கலுக்கு நீங்கள் தொலைபேசி எடுத்தபோது இதைக் கேட்டேன். "அத்தான், அதை இனி விடுங்கோ" என்றீர்கள். ஏன் விட வேணும் என்று கேட்டேன். "விடுங்கோ அத்தான், அக்காட்டைப் போனைக் குடுங்கோ" என்றீர்கள். அவள் அதை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போய், எனக்குக் கேட்காத குரலில் அரைமணித்தியாலம் கதைத்தாள். பிழை செய்யாதவன் விடுங்கோ என்று சொல்லமாட்டான். அன்றைக்கே எனக்கு முடிவு தெரிந்துவிட்டது.

இப்போது ஆண்டுத் திவசம் வருகிறது. அதற்கு ஒரு நினைவு மலர் அடிக்கிறேன். அதில் யுன்லானின் பெயர் அவளுடைய எழுத்திலேயே வர வேண்டும். தமிழில் எழுதினால் போதாதா என்று நீங்கள் கேட்பீர்கள், அச்சகத்துக்காரரும் அதைத்தான் கேட்டார். போதாது. ஒருதரம் இல்லாமல் ஆக்கின பெயரை இரண்டாம் தரம் அரைகுறையாக வைக்க நான் தயார் இல்லை. அவள் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டினால், தன்னால் வாசிக்கக்கூடிய ஒரு இடமாவது அதில் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். இந்தச் சின்ன ஆசைக்கு நான் பட்ட பாட்டை நீங்கள் கட்டாயம் வாசிக்க வேண்டும், ஏனென்றால் உங்களால்தான் பட்டேன்.

ரஜீவன் கப்பலுக்குப் போக முதல் வாங்கின மேசைக் கணினி இன்னும் முன்னறையில்தான் இருக்கிறது, புஸ்பராணி அதற்கு ஒரு பூப்போட்ட உறை தைத்து மூடி வைத்திருந்தாள். அவன் போன பிறகு நான் அதைத் தொடவில்லை. அவனுக்கும் எனக்கும் கொஞ்சக் காலம் கதை பேச்சு இல்லாமல் இருந்தது உண்மைதான். சீனாவில் நிங்போ பக்கத்தில் கப்பல் திருத்துகிற இடத்தில் வேலை செய்யப் போனவன், கலியாணத்தைப் பதிவு எழுதி முடித்துவிட்டுத்தான் எனக்கு எழுதினான். நான் பதில் எழுதவில்லை. ஆறு வருடம் என்பது அப்படி ஒன்றும் பெரிய காலம் இல்லை. அது தகப்பன் மகன் விடயம், நீங்கள் அதை இதற்குள் இழுக்க வேண்டாம்.

கிண்ணியாவில் கணினி திருத்துகிற அபூதாஹிரை வரச் சொன்னேன். நல்ல மனிதர், என்னைவிடப் பத்து வயது குறைவு, பொறுமை மட்டும் நூறு வயது கூட. வந்து உறையைக் கழற்றி, தூசி தட்டி, ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஐயா, இதுல சீனம் அஞ்சாறு வகை இரிக்கி. உங்களுக்கு எது வேணும்?"

"என்ர மருமகளின்ர சீனம் போடும்."

"அவ எந்தப் பக்கம்?"

"மகன்ர பக்கம்."

அவர் என்னைப் பார்த்தார், புஸ்பராணியைப் பார்த்தார், பிறகு தானாக ஒன்றைத் தெரிவு செய்து அமத்தினார். அந்தச் சீனம் இணையத்திலிருந்து இறங்கத் தொடங்கினது. இறங்கினது, இறங்கினது, மத்தியானச் சாப்பாடு முடிந்து தேத்தண்ணியும் குடித்து முடிய, நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு என்று காட்டின இடத்தில் கரண்ட் போனது. சீனக்குடா என்று பெயர் வைத்த ஊரில் இருந்துகொண்டு ஒரு சீன எழுத்தை வீட்டுக்குள் எடுக்க ஏலவில்லை. மறுநாள் திரும்பப் பாலம் கடந்து வந்து முதலிலிருந்து இறக்கினார். நிற்பாட்டித் திரும்பப் போட்டால் சரி ஐயா என்று சொல்லிவிட்டுப் போனார். நிற்பாட்டித் திரும்பப் போட்டேன்.

எழுதுகிறதற்குச் சீனம் கேட்டேன், கணினி முழுவதும் சீனமாகிவிட்டது. எல்லாப் பெயரும், எல்லாக் கட்டளையும், திரும்பப் பழையபடி ஆக்குகிற இடமும் சீனம். எங்களை விட்டுவிட்டு அது மருமகள் வீட்டோடு போய்விட்டது. புஸ்பராணி தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து எட்டிப் பார்த்து, "இது இப்ப ஆற்ற வீடு?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். பதினொரு மாதத்தில் அன்றைக்குத்தான் சிரித்தாள். பிறகு குசினிக்குப் போனவள் கனநேரமாய் வெளியில் வரவில்லை.

அபூதாஹிரைத் திரும்பக் கூப்பிட எனக்கு மனம் இல்லை. முப்பத்தொரு வருடம் தெரியாத குறிகளோடு வேலை செய்தவன் நான், ஒரு பெட்டிக்குத் தோற்பேனா? எந்தப் பெயர் எந்த இடத்தில் இருந்தது என்ற ஞாபகத்தை வைத்துக்கொண்டு மூன்று நாள் ஒவ்வொன்றாக அமத்தினேன். ஒரு இடத்தில் ஏதோ கேள்வி வந்தது, இரண்டு பதில், இரண்டும் சீனம். வலது பக்கத்தை அமத்தினேன். ரஜீவன்ர படங்கள் இருந்த கோப்பு மறைந்துவிட்டது. மச்சான், புஸ்பராணிக்குச் சொல்லேல்ல. வேலிக்கு வெளியில போய் நிண்டு அபூதாஹிருக்குப் போன் எடுத்தனான், அந்த மனுசன் சாப்பாட்டைப் பாதியில விட்டிட்டு மோட்டார் சைக்கிள்ல வந்தவர். வந்து ஒரு நிமிசம் பார்த்துவிட்டு, "ஐயா, குப்பை வாளிக்குள்ள கிடக்கு" என்று சொல்லி எடுத்துத் தந்தார். பள்ளிக்கூடக் காற்சட்டையோடு, முழங்காலில் காயத்தோடு அவன் நிற்கிற படம் அந்த வாளிக்குள்ளிருந்து முதல் வந்தது. கணினியையும் அவரே தமிழுக்குத் திருப்பினார். நான் அமத்தாமல் விட்ட ஒரே இடத்தில்தான் அது இருந்தது.

அதற்குப் பிறகு எழுத உட்கார்ந்தேன். கீழே வலது மூலையில், ஒரு பெட்டியை நடுவிலே கம்பியால் குத்தின மாதிரி ஒரு எழுத்து நிற்கும். அது நின்றால் சீனம் வரும், மாறினால் இங்கிலீசு வரும். அதை மாற்றுகிற விசை என் இடது சின்னவிரலுக்குக் கீழே இருக்கிறது. அந்த விரல் இரும்புக் கயிற்றில் நசுங்கி மடங்காமல் போனது, நீங்கள்தான் அன்றைக்கு ஆசுபத்திரியில் வந்து நின்றீர்கள். அது தன்பாட்டுக்கு அந்த விசையில் போய்க் கிடக்கும், சீனமும் இங்கிலீசும் மாறி மாறி வரும். கடைசியில் ஒரு சோடாப் போத்தல் மூடியைக் கவிழ்த்து அந்த விசைக்கு மேலே ஒட்டினேன். அன்று தொடக்கம் அந்தத் தொல்லை ஒழிந்தது.

ஆனால் அடுத்தது வந்தது. ஒலியை இங்கிலீசு எழுத்தில் அடித்தால், அந்த ஒலி உள்ள சீன எழுத்துகள் ஒன்று, இரண்டு என்று இலக்கம் போட்டு வரிசையாக வரும், அதில் நமக்கு வேண்டியதைத் தெரிவு செய்ய வேண்டும். யுன் என்று அடித்தேன். ஒரு வரிசை வந்தது. அம்புக்குறியை அமத்த இன்னொரு வரிசை, அதற்குப் பின்னால் இன்னொன்று. எல்லாம் யுன். இதில் என் மருமகள் எந்த யுன்? பிழையானதைத் தெரிந்தால் வேறொருத்தியை ரஜீவனுக்குக் கட்டிவைத்ததாகிவிடும், ஏற்கெனவே நீங்கள் ஒருத்தியை இல்லாமல் ஆக்கியிருக்கிறீர்கள்.

"அவட்டையே கேட்டா என்ன ஐயா?" என்றார் அபூதாஹிர். எப்படிக் கேட்கிறது? அவன் இறந்த கிழமையிலிருந்து அவள் எனக்கு நாலு மின்னஞ்சல் போட்டிருக்கிறாள், எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் வாசித்தேன். பிள்ளைக்குக் கடவுச்சீட்டு இருக்கவில்லை, அதனால்தான் அவனுடைய சவப்பெட்டியோடு கூட வர ஏலவில்லை என்று அழுது எழுதியிருந்தாள். ஒன்றுக்கும் பதில் போடாத மாமன், முதல் கடிதத்திலேயே உம்முடைய பெயர் என்ன பிள்ளை என்று கேட்கிறதா? எனக்கும் மானம் இருக்கிறது.

அப்போதுதான் அலுமாரிக்கு மேலே இருந்த மட்டைப்பெட்டி ஞாபகம் வந்தது. ஐப்பசியில் அவள் அனுப்பினது, ரஜீவனின் சாமான்கள். நாங்கள் அதைப் பிரிக்கவில்லை, ஆளையாள் பார்த்துவிட்டு மேலே ஏற்றி வைத்துவிட்டோம். அதன் முகப்பில் சிவப்பு மையில், உள்ளங்கை அளவில் இரண்டு சீன எழுத்து. துறைமுகத்தில் வேலை செய்த எவனைக் கேட்டாலும் சொல்வான், பெட்டியின் முகப்பில் பெரிதாக நிற்கிறது அனுப்பினவரின் குறி. யுன், லான், இரண்டு ஒலி. பெட்டியில் இரண்டு எழுத்து. கணக்குச் சரி. பச்சைப் பேனையால் ஒரு சரியும் போட்டேன்.

ஒலி தெரியாவிட்டால் மௌசைப் பிடித்து எழுத்தை வரைந்து காட்டலாம், கணினி அதைக் கண்டுபிடித்துத் தரும் என்று அபூதாஹிர் சொல்லித் தந்தார். மௌசால் வரைவதென்றால் சவர்க்காரக் கட்டியைப் பிடித்துக்கொண்டு ஒப்பம் வைக்கிற மாதிரி. இரண்டு நாள் வரைந்தேன். தேத்தண்ணிக் கடையில் இது தெரியவந்து, "அருளம்பலத்தார் சீனம் படிச்சுத் திரும்பக் கப்பலுக்குப் போகப் போறார்" என்று ஒரு கதையும் கிளம்பினது. கடைசியில் இரண்டு எழுத்தும் விழுந்தன. அவற்றைத் தலைப்பில் போட்டு, கீழே எனக்குத் தெரிந்த இங்கிலீசில், "அன்புள்ள மருமகளுக்கு, ஆண்டுத் திவசம் வருகிறது. அது இங்கிலீசுத் திகதிக்கு வராது, திதிக்கு வரும், சந்திரனைப் பார்த்துத்தான் நாள் குறிப்போம். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வரவும்" என்று அடித்து அனுப்பினேன்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. அதுவும் இங்கிலீசுதான், கிட்டத்தட்ட என்னுடைய இங்கிலீசு மாதிரி. நான் விளங்கினபடி எழுதுகிறேன்: "மாமா, எங்களிடமும் சந்திரனைப் பார்த்து நாள் குறிக்கிற வழக்கம் உண்டு, ஆகவே விளங்கினது. நாங்கள் வருகிறோம். நீங்கள் எழுதினது என் பெயர் இல்லை. அது 'உடையும் சாமான், கவனம்' என்பது. உள்ளே அவருடைய மூக்குக்கண்ணாடி இருந்தது, அதனால் எழுதினேன். ஆனால் இந்த வருடம் அந்தப் பெயரால் கூப்பிட்டாலும் நான் திரும்பிப் பார்த்திருப்பேன்."

நான் இதைப் புஸ்பராணிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கதிரையில் ஏறிப் பெட்டியை இறக்கி, குசினிக் கத்தியால் பிரித்தாள். ஆறு சேட்டு, ஒரு சாரம், நடுவிலே துவாயில் சுற்றின கண்ணாடி. கண்ணாடி உடையவில்லை.

மின்னஞ்சலோடு ஒரு படமும் வந்திருந்தது. கொப்பித்தாளில் பேத்தி தன் கையால் தாயின் முழுப்பெயரை மூன்று எழுத்தாக எழுதியிருந்தாள். அதற்குக் கீழே தமிழில், புள்ளிகளைக் கண்ட இடத்தில் வைத்து, அப்பப்பா என்று என்னைக் கூப்பிட்டு எழுதியிருந்தாள். நான் கதைக்காமல் இருந்த காலத்தில் அவன் தன் பிள்ளைக்கு இந்தச் சொல்லைக் கைபிடித்து எழுதக் கற்றுக் கொடுத்திருக்கிறான். இதற்குமேல் இதைப் பற்றி எழுத ஏலாது.

மூன்று எழுத்தையும் அவள் மின்னஞ்சலின் அடியிலேயே அடித்து அனுப்பியிருந்தாள். "இதக் கொப்பி பண்ணிப் போட்டா வேல முடிஞ்சி ஐயா" என்றார் அபூதாஹிர். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மற்றவன் எண்ணின எண்ணிக்கைக்கு நான் ஒருநாளும் ஒப்பம் வைத்ததில்லை. அபூதாஹிர் தலையில் கைவைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். பழைய கணக்குத் தாள்களின் பின்பக்கத்தில் முதலில் பென்சிலால் எழுதிப் பழகினேன், பிறகு மௌசால் வரைந்தேன். முதல் எழுத்துத்தான் பெரும் பாடு, ஒன்பது நாள் எடுத்தது. இரண்டாவது, மேலே இரண்டு கோடு, கீழே மடித்த முழங்கால். மூன்றாவது எனக்கு உடனே பிடித்துக்கொண்டது, மேலே இரண்டு பொட்டு, கீழே மூன்று குறி, எங்கள் ஆள் திருநீறு பூசிக்கொண்டு நிற்கிற மாதிரி. பதினோராம் நாள் மூன்றும் ஒன்றாக விழுந்தன. இந்தக் கடிதத்தையும் அதே கணினியில்தான் அடிக்கிறேன், பாருங்கள்:

许云兰

ஷு யுன்லான். இது நான் அடித்தது. சந்தேகம் இருந்தால் அபூதாஹிரைச் சாட்சிக்குக் கூப்பிடலாம்.

அதை எடுத்துக்கொண்டு பட்டணத்து அச்சகத்துக்குப் போனேன். நேற்றுப் படி எடுத்துத் தந்தார்கள். பேத்தியின் பெயர் வந்திருந்தது, அதற்கு முன்னால், தாயின் பெயர் வர வேண்டிய இடத்தில், மூன்று வெறும் கட்டம். கட்டம் கட்டம் கட்டம் அவர்களின் அன்புக் கணவரும் நிவேதிகாவின் ஆசைத் தந்தையும். "எங்கட மெசின்ல அந்த எழுத்து இல்ல ஐயா. கட்டத்துக்குள்ள பேனையால எழுதி விடுவமா?" என்று கேட்டான் அந்த அச்சகத்துக்காரன். நான் என்ன சொன்னேன் என்று எழுதத் தேவை இல்லை, இனி அந்தக் கடைக்குள் நான் போக ஏலாது. வெளியில் வந்து பஸ் தரிப்பிடத்தில் இருந்து அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன், இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன். முதல் தரம் வெட்டினீர்கள். இரண்டாம் தரம் இடம் விட்டு, ஆள் இல்லாமல் வைத்திருக்கிறார்கள். எது கூட நோகும் என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தைப் படமாக மாற்றிக் கொடுத்தால் எழுத்து மாறாமல் விழும் என்று அபூதாஹிர் சொல்கிறார். மாற்றி ஒரு சின்னக் கணினிக் குச்சியில் போட்டும் தந்துவிட்டார். கொண்டுபோய்க் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

ஆகவே இனிச் செய்ய வேண்டியதையும் ஆர் செய்ய வேண்டும் என்பதையும் கீழே எழுதுகிறேன். இதில் கூட்டல் குறைத்தல் இல்லை.

முதலாவது, குலவீரசிங்கம் ஆகிய நீங்கள் அதே பேப்பரில் ஒரு திருத்தம் போட வேண்டும். "சென்ற ஆவணியில் வெளிவந்த அறிவித்தலில், அன்னார் ஷு யுன்லான் அவர்களின் அன்புக் கணவரும் நிவேதிகாவின் ஆசைத் தந்தையும் ஆவார் என்ற வரி விடுபட்டதற்கு வருந்துகிறேன்" என்று, உங்கள் பெயரோடு.

இரண்டாவது, இந்த உறைக்குள் இருக்கிற சின்னக் கணினிக் குச்சியைக் குலவீரசிங்கம் ஆகிய நீங்கள் அச்சகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, பக்கம் அச்சாகி வரும்வரைக்கும் அங்கேயே நிற்க வேண்டும். மூன்று எழுத்தையும் கோட்டுக்குக் கோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, யுன்லானுக்குக் குலவீரசிங்கம் ஆகிய நீங்கள் உங்கள் கைப்பட மன்னிப்பு எழுத வேண்டும். தமிழில் எழுதுங்கள். எப்படி விளங்கப்படுத்துவது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நான்காவது, ஆவணி ஐந்தாம் திகதி காலையில் தாயும் பிள்ளையும் கட்டுநாயக்காவில் வந்து இறங்குகிறார்கள். அவள் பெயரைப் பெரிய எழுத்தில் அடித்த அட்டை ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். குலவீரசிங்கம் ஆகிய நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்க வேண்டும். தலைகீழாகப் பிடிக்க வேண்டாம். திருநீறு பூசினவர் வலது கைப்பக்கம், பொட்டு மேலே.

ஐந்தாவது, நாளைக்கு அந்தப் பிள்ளை வளர்ந்து, தமிழ் வாசிக்கப் படித்து, பழைய கல்வெட்டை எடுத்து வைத்துக்கொண்டு இதில் நான் ஏன் இல்லை என்று கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர் குலவீரசிங்கம் ஆகிய நீங்கள். இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அபூதாஹிர் செய்ய வேண்டியது, சோடா மூடியைக் கழற்றாமல் இருக்கிறது. புஸ்பராணி செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை, அவள் ஒரு பிழையும் செய்யவில்லை.

கோபம் வேறு, சொந்தம் வேறு. உங்கள் பிள்ளைகள் நல்லாய் இருக்க வேண்டும், உங்கள் நெல்லுக்கு நேரத்துக்குத் தண்ணீர் வர வேண்டும். மனைவிக்கு என் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்
க. அருளம்பலம்

பி.கு. இதைக் கையால் எழுதுகிறேன். உறையை ஒட்டச் சொல்லிப் புஸ்பராணியிடம் கடிதத்தைக் கொடுத்தேன். அவள் கதிரையில் இருந்து முதலிலிருந்து கடைசிவரைக்கும் வாசித்தாள். பிறகு எழும்பிப் போய் அலுமாரியில் சீலைகளுக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்து எனக்கு முன்னால் வைத்தாள். நீலக் கோடு போட்ட கொப்பித்தாள். உங்கள் உருண்டை எழுத்து. மரண அறிவித்தலின் முதல் பிரதி. மூன்றாவது வரியில், "சீனாவைச் சேர்ந்த யுன்லான் அவர்களின் அன்புக் கணவரும் நிவேதிகாவின் ஆசைத் தந்தையும்" என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மேலே ஒரே ஒரு கோடு. பச்சை மை. நேரான கோடு. பக்கத்தில் க.அ., திகதி, முற்பகல் 9.20. வெட்டின எழுத்து நன்றாக வாசிக்கக்கூடியதாக இருக்கிறது.

"அண்டைக்கு நீங்கள் அடிமட்டம் கேட்டனீங்கள்" என்றாள் புஸ்பராணி. "நான்தான் தேடித் தந்தனான். இதையும் தம்பிக்கு வைச்சு ஒட்டுங்கோ."

நீங்கள் ஒரு வருடம் வாய் திறக்கவில்லை, மச்சான். பொங்கலன்றைக்கு நான் ஏசினபோதும் திறக்கவில்லை.

கடிதத்தைத் திரும்ப அடிக்க எனக்குத் தெம்பு இல்லை. மேலே ஒன்று தொடக்கம் ஐந்து வரைக்கும் குலவீரசிங்கம் ஆகிய நீங்கள் என்று வருகிற இடமெல்லாம் என் பெயரைப் போட்டு வாசிக்கவும். குச்சியையும் எடுத்துவிட்டேன், அச்சகத்துக்கு நானே போய் அந்த ஆளிடம் மன்னிப்புக் கேட்டுக் கொடுக்கிறேன். ஐந்தாம் திகதி உங்கள் வான் வண்டியைக் கொண்டு வந்தால் உதவியாக இருக்கும், வராவிட்டாலும் நான் குறை சொல்ல ஏலாது.

அட்டையை உறைக்குள் இருந்து எடுத்துவிட்டேன். அதை நான்தான் பிடிக்க வேண்டும்.

க.அ.
ஆடி 19, பிற்பகல் 4.35